மங்கலான செரங்கெட்டி படங்கள்: உறுதியாகத் தெரியாதபோது விலங்கின் பெயரைக் குறிக்கலாமா?

கொன்றைமரம்:

எல்லோருக்கும் வணக்கம். பொதுமக்கள் ஆராய்ச்சிக்கு உதவும் ஸூனிவர்ஸ் இணையதளத்தில் ஸ்னாப்ஷாட் செரங்கெட்டி திட்டத்தின் படங்களைக் கொஞ்ச காலமாக வகைப்படுத்தி வருகிறேன். இதுவரை பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவில் ஆராய்ச்சியாளர்கள் பொருத்திய தானியங்கி கேமராக்கள் எடுத்த படங்கள் வரிசையாக வரும். அதில் என்ன விலங்கு, எத்தனை, நிற்கிறதா, படுத்திருக்கிறதா, நடக்கிறதா, மேய்கிறதா, கூடவே குட்டி உண்டா என்பதை நாம் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, யானை எல்லாம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடலாம்.

சிக்கல் மற்ற படங்களில்தான். நேற்று வந்த ஒன்றைச் சொல்கிறேன். இரவுப் படம். கேமராவுக்கு மிக அருகில் ஏதோ ஒன்று கடந்திருக்கிறது, ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டுப் படத்தின் இடது பாதி முழுக்க வெளுத்துப்போன பழுப்புத் தோல். தலை இல்லை, கால் இல்லை. ஓரத்தில் வாலின் ஒரு பகுதி மட்டும் தெரிகிறது. வில்டபீஸ்டாக இருக்கலாம், எருமையாக இருக்கலாம், ஈலண்டாகக்கூட இருக்கலாம் (வில்டபீஸ்டும் ஈலண்டும் மாடு போன்ற பெரிய மான் வகைகள்). பட்டியலை மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டேன், "தெரியவில்லை" என்று ஒரு பொத்தானே கிடையாது. "எதுவும் இல்லை" என்று ஒன்று இருக்கிறது, ஆனால் ஏதோ இருப்பதுதான் கண்ணெதிரே தெரிகிறதே.

இப்படிப்பட்ட படங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தோன்றியதைக் குறிக்கிறீர்களா, இல்லை பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறீர்களா? இதை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, கட்டுரை வருகிறது. அரைகுறையாகப் பார்த்து நான் சொல்லும் பெயர் அந்தத் தரவைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓடைக்கரை:

குறிங்கள். தாராளமாகக் குறிங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கவலை தானாகப் போய்விடும்.

முதலில், அந்தப் படத்தைப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. ஒரு படம் எத்தனை பேரிடம் போக வேண்டும் என்பதற்கு இந்தத் திட்டத்தில் விதி உண்டு. முதலில் பார்க்கும் 5 பேருமே "எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டால் படம் சுற்றிலிருந்து வெளியே போய்விடும். இடையிடையே மற்ற பதில்கள் வந்தாலும் "எதுவும் இல்லை" மொத்தம் 10 சேர்ந்தால் அப்போதும் வெளியே. ஒரே விலங்கை 10 பேர் சொன்னால் வேலை முடிந்தது. இது எதுவுமே நடக்காவிட்டால் 25 பேர் பார்க்கும்வரை படம் சுற்றிக்கொண்டே இருக்கும். தெளிவான வரிக்குதிரைப் படம் 10 பேரோடு முடிந்துவிடும், நீங்கள் சொன்ன பழுப்புத் தோல் படம் பெரும்பாலும் 25 வரை போகும். கஷ்டமான படத்துக்குத் தானாகவே அதிகக் கண்கள் கிடைக்கிற மாதிரிதான் ஏற்பாடே செய்திருக்கிறார்கள்.

அப்புறம், அந்த 25 பதில்களையும் சேர்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அதிகம் பேர் சொன்ன விலங்கு விடையாகிறது, அதோடு பதில்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கும் 0 முதல் 1 வரை ஒரு எண் போடுகிறார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னால் 0. ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சமமாகப் பிரிந்தால் 1. ஆராய்ச்சி செய்பவர் தனக்கு எவ்வளவு உறுதி வேண்டுமோ அதற்கு ஏற்ப அந்த எண்ணைப் பார்த்துப் படங்களை எடுத்துக்கொள்ளலாம் அல்லது ஒதுக்கலாம். ஆக, உங்களுடைய தயக்கமும் என்னுடைய தயக்கமும் காணாமல் போவதில்லை. நீங்கள் எருமை என்கிறீர்கள், நான் வில்டபீஸ்ட் என்கிறேன், அந்த வேறுபாடே "இந்தப் படம் சந்தேகத்துக்குரியது" என்று பதிவாகிவிடுகிறது. நாம் ஒதுங்கிப் போனால்தான் அது பதிவாகாது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 25 பேரில் 9 பேர் வில்டபீஸ்ட், 8 பேர் எருமை, 8 பேர் ஈலண்ட் என்றிருந்தால், எந்த விலங்கு என்பது முடிவாகாமல் போனாலும் உடல் பெரிதான, குளம்புள்ள ஒரு தாவர உண்ணி அங்கே வந்தது என்பது உறுதி. சிங்கம் இல்லை, கழுதைப்புலி இல்லை. அந்த 25 பேரும் "தெரியவில்லை" என்று ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் இதில் பாதிகூட மிஞ்சாது.

---

மேகமலை:

நான் இதற்கு உடன்படவில்லை, மன்னிக்கவும்.

புலிக் கணக்கெடுப்பின்போது வனத்துறையோடு தன்னார்வலராகப் போன அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். 2018 சுற்றில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்து, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அதில் புலி இருந்தவை 76,651. ஒவ்வொரு புலியையும் உடம்பின் வரிகளை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும். ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு, அதனால்தான் பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கேமரா வைக்கிறோம். அங்கே ஒரு படம் மங்கலாக வந்து வரி தெரியவில்லை என்றால் யாரும் "இது அந்தப் பெண்புலி மாதிரி இருக்கிறது" என்று எழுத மாட்டார்கள். எழுதினால் ஒரு புலி இரண்டாகிவிடும், இரண்டு புலி ஒன்றாகிவிடும். "அடையாளம் காண இயலவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போவதுதான் நேர்மை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வழி இல்லாத படிவம் நல்ல படிவம் இல்லை என்பதே என் கருத்து. கொன்றைமரம், உங்கள் தயக்கம் சரியானது. அப்படிப்பட்ட படங்களை விட்டுவிடுங்கள்.

---

ஓடைக்கரை:

மேகமலை அண்ணா, நீங்கள் சொல்வது உங்கள் இடத்தில் முழுக்கச் சரி. ஆனால் அங்கே ஒரு படத்தின் அடையாளம் ஓரிருவர் முடிவில் நிற்கிறது. அந்த ஒருவர் ஊகித்தால் அது அப்படியே கணக்கில் ஏறிவிடும், தட்டிக்கேட்க வேறு பதில் இல்லை. அதனால் அவர் கை கட்டுப்பட்டிருக்கத்தான் வேண்டும். இங்கே ஒருவர் சொல் எதையும் தீர்மானிப்பதில்லை. கேள்வியும் வேறு: எந்தப் புலி என்பதில்லை, எந்த வகை விலங்கு என்பது மட்டும்தான்.

இந்த முறை வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 1,125 சதுர கிலோமீட்டர் பரப்பில், 5 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் 225 கேமராக்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சிங்க ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து 2010இல் தொடங்கியது. 2012 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2013 வரை சேர்ந்த முதல் தொகுப்பில் சுமார் 12 லட்சம் படத்தொகுதிகள் (கேமரா ஒரு முறை தூண்டப்படும்போது எடுக்கும் படம் அல்லது படங்கள்), அவற்றை 28,000 பேருக்கு மேல் பார்த்து ஒரு கோடியே 8 லட்சம் முறை வகைப்படுத்தினார்கள். அதிலிருந்து 4,149 படத்தொகுதிகளை எடுத்து நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, விலங்கின் பெயரில் தன்னார்வலர்களின் கூட்டு விடை 96.6 சதவீதம் சரியாக இருந்தது. காட்டைப் பார்த்தே இராதவர்களும் அந்த 28,000 பேரில் இருந்தார்கள். நிபுணர்களும் சில படங்களை "அடையாளம் காண முடியாது" என்று ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொன்றைமரம் பார்த்த படம் அந்த வகையாகவே இருக்கலாம். அதில் தவறில்லை.

"தெரியவில்லை" பொத்தான் பற்றி. அப்படி ஒன்று இருந்தால் மனிதர்கள் அதை எப்போது அழுத்துவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே தெரியாதபோது மட்டுமா? ஒரே சாயலில் இருக்கும் சிறு மான் வகைகளான தாம்சன் கசெலா கிராண்ட் கசெலா என்று ஒரு நொடி தயங்கும்போதும் அழுத்துவார்கள். நிதானமாகப் பொறுப்போடு செய்கிறவர்கள்தான், அதாவது கொன்றைமரம் மாதிரி ஆட்கள்தான், அதை அதிகம் அழுத்துவார்கள். அப்போது கவனமாகப் பார்க்கிறவர்களின் பதில் குறைந்து, எதையும் யோசிக்காமல் தட்டுகிறவர்களின் பதில் மேலோங்கிவிடும். எனக்கு அந்த நிலைதான் பயமாக இருக்கிறது.

---

வேப்பம்பூ:

விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். அந்தப் படத்தையே இன்னும் கொஞ்சம் கசக்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் "தெரியவில்லை" என்று நாம் நினைக்கும் படங்களில் பாதிக்கு மேல் உண்மையில் தெரிகிற படங்கள்தான். முகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு மற்ற உறுப்புகளைப் பார்க்கப் பழக வேண்டும்.

கொன்றைமரம், வாலின் ஒரு பகுதி தெரிகிறது என்றீர்களே, அது போதும். எருமையின் வால் மெலிந்து கயிறு மாதிரி தொங்கும், நுனியில் மட்டும் கொத்தாக மயிர். வில்டபீஸ்டுக்கு அப்படியில்லை, வால் குதிரைவால் போல, கருகருவென்று நீளமான மயிரோடு கீழே வரை இறங்கும். ஈலண்டுக்கு மாட்டு வால்தான், நுனியில் கறுப்புக் கொத்து. தோலில் பாருங்கள்: தோள், கழுத்துப் பகுதியில் செங்குத்தாகக் கருமையான கோடுகள் மங்கலாக ஓடினால் வில்டபீஸ்ட். உடலின் நடுப்பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கினால் ஈலண்ட். எருமைக்குக் கோடு எதுவும் கிடையாது. ஃப்ளாஷில் வெளுத்துப்போனாலும் கோடு இருந்தால் எங்காவது ஓர் ஓரத்தில் நிழலாகத் தெரியும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், அதிலேயே நிறைய வித்தியாசம் தெரியும்.

பகல் படங்களில் எல்லோரும் தடுமாறுவது கசெல்களில். தாம்சன் கசெலுக்கு விலாவில் பட்டையான கறுப்புக் கோடு இருக்கும் என்று படித்துவிட்டு, கோடு இருந்தால் தாம்சன், இல்லாவிட்டால் கிராண்ட் என்று குறித்துவிடுகிறார்கள். ஆனால் கிராண்ட் கசெலின் குட்டிகளுக்கும் பெட்டைகள் சிலவற்றுக்கும் அந்தக் கோடு உண்டு. நம்பகமான இடம் பின்பக்கம். பிட்டத்தில் இருக்கும் வெள்ளை வாலுக்கு மேலேயும் ஏறி முதுகைத் தொட்டால் கிராண்ட், வாலோடு நின்றுவிட்டால் தாம்சன். விலங்கு நம் பக்கம் முதுகைக் காட்டி நிற்கும் படத்தைப் பார்த்தால் பலரும் சலித்துக்கொள்கிறார்கள், எனக்கு அதுதான் நல்ல படம்.

டோப்பி, ஹார்ட்டபீஸ்ட் என்ற மான் வகைகள் இரண்டும் நீண்ட முகமும் சரிந்த முதுகுமாக ஒரே சாயலில் இருக்கும். டோப்பிக்குத் தொடையிலும் தோளிலும் கருநீலத் திட்டுகள், முழங்காலுக்குக் கீழே மஞ்சள் பழுப்பு. ஹார்ட்டபீஸ்டுக்கு அந்தக் கருந்திட்டு இல்லை, ஒரே வெளிர் பழுப்பு. ஆகவே கால் மட்டும் தெரிகிற படம் வந்தாலும் இதைச் சொல்லிவிடலாம்.

கழுதைப்புலிகளில் காதைப் பாருங்கள். புள்ளிக் கழுதைப்புலிக்குக் காது உருண்டை. வரிக் கழுதைப்புலிக்கும் ஆர்ட்வுல்ஃபுக்கும் காது கூர்மை, உடம்பில் வரிகள். இந்த இரண்டில் ஆர்ட்வுல்ஃப் மிகவும் சிறியது, ஏறக்குறைய நரி அளவு. அளவை எதை வைத்துச் சொல்வது என்றால், அதே கேமராவில் எடுத்த மற்ற படங்களைப் பார்த்திருந்தால் அங்கே இருக்கும் புல், மரம், கல் எல்லாம் அளவுகோலாகிவிடும். நரிகளில் முதுகில் சேணம் போட்ட மாதிரி கருமை இருந்தால் கருமுதுகு நரி, வால் நுனி வெள்ளையாக இருந்தால் பக்கவரி நரி.

இன்னொரு விஷயம், பகலில் பெரும்பாலும் மூன்று படங்கள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டிருக்கும். மூன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றிலும் அசையாமல் இருக்கும் கறுப்பு உருவம் பெரும்பாலும் கரையான் புற்று. முதல் படத்தில் புல்லோடு புல்லாகக் கிடந்தது மூன்றாவது படத்தில் காதை ஆட்டினால் அது முயலோ கசெல் குட்டியோ.

---

கொன்றைமரம்:

வேப்பம்பூ அக்கா, மிக்க நன்றி. அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருந்தேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன். வால் ஓரத்தில் கறுப்பாக, மயிர் பரந்து, சட்டகத்தின் அடிவரைக்கும் இறங்குகிறது. எருமையின் மெலிந்த வால் இல்லை என்பது இப்போது தெளிவாகவே தெரிகிறது. தோலில் கோடு எதுவும் என்னால் பார்க்க முடியவில்லை, ஆனால் தெரிவது பின்பகுதி மட்டும் என்பதால் தோள்கோடு அங்கே இருக்கவும் வாய்ப்பில்லை, அல்லவா?

இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் மின்னும் படம். உடம்பே தெரியாது. அதற்கு என்ன குறிப்பது? இரண்டு, வெறும் புல் ஆடுகிற படமாக இருக்கிறது, ஆனால் ஓரத்தில் ஏதோ மங்கலாக இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அதை "எதுவும் இல்லை" என்று விடலாமா?

---

ஓடைக்கரை:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இது மிக முக்கியம்.

மேலே சொன்ன விதியை நினைவில் வையுங்கள். முதல் 5 பேர் "எதுவும் இல்லை" என்றால் படம் அதோடு முடிந்தது. விலங்கின் பெயரைத் தவறாகச் சொன்னால் திருத்த இன்னும் இருபது பேர் வருவார்கள். இருக்கிற விலங்கை இல்லை என்று முதல் ஐந்து பேரும் சொல்லிவிட்டால் திருத்த யாரும் வரப்போவதில்லை. இந்தத் திட்டத்தில் தயங்கி அழுத்த வேண்டிய பொத்தான் அது ஒன்றுதான். அவசரத்தில் நாம் எல்லோரும் வேகமாக அழுத்துவதும் அதைத்தான், ஏனென்றால் வருகிற படங்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே வெறும் படங்கள். முதல் தொகுப்பின் 12 லட்சத்தில் விலங்கு இருந்தவை 3,22,653 மட்டும். வெப்பமும் அசைவும் சேர்ந்தால் கேமரா படம் எடுத்துவிடும், நல்ல வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே போதும். வெறும் புல்லாகவே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிப்போய் அடுத்ததையும் வெறும் புல்லாகவே பார்க்கும். அதனால் "எதுவும் இல்லை" என்று அழுத்தும் முன் படத்தின் நான்கு ஓரங்களையும், தொடுவானத்தையும், மர நிழலையும் ஒரு முறை பாருங்கள். சிங்கங்கள் நிழலில்தான் கிடக்கும். சிங்க ஆராய்ச்சியிலிருந்துதான் இந்தக் கேமராத் திட்டமே கிளம்பியது.

ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்ணுக்குப் பட்டுவிட்டால் பெயரைக் குறிங்கள். உறுதியாக இல்லாவிட்டாலும் குறிங்கள்.

---

வேப்பம்பூ:

ஆமாம் கொன்றைமரம், பின்பகுதியில் தோள்கோட்டைத் தேட வேண்டாம். நீங்கள் சொன்ன வாலுக்கு நான் வில்டபீஸ்ட் என்றே குறித்திருப்பேன்.

கண்கள் பற்றி. கண்ணின் நிறத்தை வைத்து விலங்கைச் சொல்லலாம் என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம்தான் மின்னுகிறது, கேமரா எந்தக் கோணத்தில் இருக்கிறது, ஃப்ளாஷ் வெள்ளையா அகச்சிவப்பா என்பதைப் பொறுத்தே நிறம் மாறும். நிறத்தைவிட இடம் நிறையச் சொல்லும். தரையிலிருந்து எவ்வளவு உயரம், இரண்டு கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, இரண்டும் நேர் முன்னால் பார்க்கின்றனவா, இல்லை ஒரு கண் பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டையாடும் விலங்குகளுக்குக் கண்கள் முன்பக்கம், அதனால் நம்மைப் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்து மின்னும். கசெல், இம்பாலா போன்றவற்றுக்குக் கண்கள் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒன்றுதான் நன்றாக மின்னும். தொலைவில் ஒரே உயரத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள் வரிசையாக மின்னினால் அது மேயும் மந்தை. தரையோடு தரையாக ஒரு ஜோடி, நேராக, அசையாமல் பார்த்தால் படுத்திருக்கும் பூனை இனமாக இருக்கலாம். அதற்கு மேல் அந்தக் கண்களிடம் கேட்க முடியாது. இருப்பதில் எது பொருந்துகிறதோ அதைக் குறித்துவிட்டுப் போங்கள்.

---

தென்றல்வெளி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் இப்போது கணினியே செய்துவிடுகிறது என்று படித்தேனே? மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு இனியும் தேவை இருக்கிறதா?

---

ஓடைக்கரை:

நியாயமான கேள்வி. 2018இல் வந்த ஆய்வு இதே செரங்கெட்டி படங்களில்தான் செய்யப்பட்டது, 32 லட்சம் படங்களைக் கொடுத்துக் கணினியைப் பயிற்றுவித்தார்கள். எந்த விலங்கு என்பதில் 93.8 சதவீதம் சரியாகச் சொன்னது. தனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் அது சொல்லட்டும் என்று விட்டபோது, 99.3 சதவீதப் படங்களைத் தன்னார்வலர்களின் அதே 96.6 சதவீதத் துல்லியத்தோடு வகைப்படுத்தியது. பெரிய சாதனைதான். வெறும் புல் படங்களைக் கணினி கழித்துக் கொடுத்தால் எனக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் அது எதைப் பார்த்துக் கற்றது? நம்மைப் போன்றவர்கள் குறித்து வைத்த விடைகளைப் பார்த்துத்தான். மங்கலான படங்களை நாம் எல்லோரும் விட்டுவிட்டு ஓடியிருந்தால் அதற்குத் தெளிவான படங்கள் மட்டும்தான் பழகியிருக்கும். ஒரு காட்டில் கற்ற கணினியை இன்னொரு காட்டுக்குக் கொண்டு போனால், மரமும் வெளிச்சமும் மாறியதுமே தடுமாறுகிறது என்பதும் தெரிந்த விஷயம். அங்கே மறுபடி மனிதக் கண்கள்தான் தொடங்க வேண்டும். கணினி உறுதியில்லை என்று ஒதுக்கும் படங்களும் நம்மிடம்தான் வரும், அதாவது இனி நமக்கு வரப்போவது இந்தக் கொன்றைமரம் படம் மாதிரியானவைதான் அதிகம்.

---

மேகமலை:

படித்தேன். "எதுவும் இல்லை" பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, அதில் முழு உடன்பாடு. 25 பேர் பார்க்கும் அமைப்பில் ஒருவர் தயக்கத்தோடு சொல்லும் பெயரால் கெடுதல் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். அரிய விலங்குகள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் வில்டபீஸ்ட் படமும் பத்துக் காண்டாமிருகப் படமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வில்டபீஸ்ட் படங்களில் நூறில் ஒன்றுக்குத் தவறாகக் காண்டாமிருகம் என்ற விடை வந்தால்கூட, காண்டாமிருகம் என்று பதிவான படங்கள் நூற்றுப்பத்து ஆகிவிடும், அதில் உண்மையானவை பத்துதான். பொதுவான விலங்கில் கரைந்துபோகிற பிழை, அரிய விலங்கின் கணக்கையே மூழ்கடித்துவிடும். மங்கலான கறுப்பு உருவத்தைப் பார்த்ததும் காண்டாமிருகமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனசு இழுக்கும், எல்லோருக்கும் இழுக்கும். கொம்பு தெரியாமல் காண்டாமிருகம் குறிக்காதீர்கள். வரி தெரியாமல் வரிக் கழுதைப்புலி குறிக்காதீர்கள்.

---

ஓடைக்கரை:

இதை நான் அப்படியே ஏற்கிறேன் அண்ணா. அரிய விலங்கென்று பதிவான படங்களை நிபுணர்கள் தனியாக ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் அது முடியும் காரியமும்கூட. நம் பங்குக்கு, குறித்த கையோடு அந்தப் படத்தைத் தளத்தின் பேச்சுப் பகுதியில் (தன்னார்வலர்களும் ஆராய்ச்சியாளர்களும் உரையாடும் இடம்) போட்டு, ஏன் அப்படி நினைக்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவர்களுக்கும் தேடுவது எளிது.

ஆனால் இதற்கு நேரெதிரான இழுப்பும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். செரங்கெட்டியில் பத்து லட்சத்துக்கும் மேல் வில்டபீஸ்ட் இருக்கிறது, ஆகவே மங்கலாக எது வந்தாலும் வில்டபீஸ்ட் என்று அடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அதையும் செய்ய வேண்டாம். எந்த விலங்கு எங்கே எவ்வளவு என்ற கணக்கைப் பின்னால் அவர்களே சேர்த்துக்கொள்வார்கள், நம்மிடம் அவர்கள் கேட்பது இந்த ஒரு படத்தில் கண்ணுக்குப் பட்டதை மட்டும்தான். வால் பார்த்தேன், வில்டபீஸ்ட் வால், அதனால் வில்டபீஸ்ட். அது பதில்.

---

கொன்றைமரம்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, எண்ணிக்கை. பெரிய மந்தை வரும்போது முன்னால் நிற்பது ஐந்தாறு, பின்னால் தூசியில் புள்ளி புள்ளியாக இன்னும் எத்தனையோ. 10க்கு மேல் போனால் 11 முதல் 50, அடுத்தது 51 அல்லது அதற்கு மேல் என்று இரண்டே கட்டங்கள்தான் இருக்கின்றன. தொலைவில் இருக்கும் புள்ளிகளையும் எண்ண வேண்டுமா?

---

வேப்பம்பூ:

விலங்கு என்று உங்களுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் எண்ணுங்கள், பாதி உடம்பு வெளியே போனதையும் சேர்த்து. தூசியில் கல்லா மாடா என்று பிரிக்க முடியாத புள்ளிகளை விட்டுவிடுங்கள். மூன்று படங்கள் கொண்ட தொகுதியாக வந்தால் மூன்றிலும் சேர்த்து மொத்தம் எத்தனை தனி விலங்குகள் என்று பாருங்கள், முதல் படத்தில் இருந்ததே மூன்றாவதில் நகர்ந்து நிற்கும், அதை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. எண்ணிக்கையில் எல்லோருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அதே நிபுணர் சோதனையில் பெயர் 96.6 சதவீதம் சரி என்றால் எண்ணிக்கை 90 சதவீதம்தான். அதனால் 48ஆ 53ஆ என்று ஒரே படத்தில் நீண்ட நேரம் உட்கார வேண்டாம். நேரம் இருந்தால் மந்தைக்குள் கசெலோ வரிக்குதிரையோ கலந்து நிற்கிறதா என்று பாருங்கள். வில்டபீஸ்டும் வரிக்குதிரையும் சேர்ந்தே நகரும், பின்வரிசையில் நிற்கும் ஒரு வரிக்குதிரையைப் பலரும் குறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது விலங்கையும் தனியாகச் சேர்க்க வசதி இருக்கிறது, முதல் விலங்கைக் குறித்த பிறகு மறுபடி பட்டியலுக்குப் போனால் போதும்.